நிரபராதியா, குற்றவாளியா? கட்டப் புதிரைத் தீர்ப்பது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘குளூஸ் பை சாம்’ என்ற பெயரில் இணையத்தில் நாள்தோறும் ஒன்றாக வெளிவரும் தர்க்கப் புதிரை ஆடத் தொடங்கியவர்களுக்கும், ஆடிப் பாதியில் மாட்டிக்கொண்டவர்களுக்கும் எழும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்பட்டுள்ளன. எடுத்துக்காட்டுகள் யாவும் விளக்கத்துக்காகவே அமைக்கப்பட்டவை. அன்றைய புதிரின் விடை எதுவும் இதில் இல்லை. ஒவ்வோர் எடுத்துக்காட்டும் தனித்தனியானது என்பதால், ஒன்றில் குற்றவாளியாக இருப்பவர் மற்றொன்றில் நிரபராதியாக இருக்கக்கூடும்.

இந்தப் புதிரில் நான் செய்ய வேண்டியது என்ன?

நான்கு நெடுவரிசைகளும் ஐந்து கிடைவரிசைகளும் கொண்ட பலகையில் இருபது பேர் இருக்கிறார்கள். நெடுவரிசைகளுக்கு ஏ, பி, சி, டி என்றும், கிடைவரிசைகளுக்கு மேலிருந்து கீழாக 1 முதல் 5 வரையும் பெயர். ஆகவே இடது மேல் மூலையில் இருப்பவர் ஏ1, வலது கீழ் மூலையில் இருப்பவர் டி5. ஒவ்வொருவரும் நிரபராதி அல்லது குற்றவாளி. மூன்றாவது நிலை கிடையாது. தொடக்கத்தில் ஒருவருடைய நிலை மட்டும் வெளிப்பட்டிருக்கும், அவர் ஒரு துப்பும் சொல்லியிருப்பார். அந்தத் துப்பைக் கொண்டு இன்னொருவரின் நிலையை உறுதிசெய்து குறித்தால், பெரும்பாலும் அவரும் தம் துப்பைச் சொல்வார். இப்படி ஒருவர் பின் ஒருவராக இருபது பேரையும் தீர்த்தால் புதிர் முடிந்தது.

குற்றவாளி சொல்லும் துப்பை நம்பலாமா?

முழுமையாக நம்பலாம். புதிதாக ஆடுபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். தர்க்கவியல் அறிஞர் ரேமண்ட் ஸ்முல்யன் பரவலாக்கிய புதிர்களில், உண்மையே பேசுபவர்களும் பொய்யே பேசுபவர்களும் வாழும் தீவு ஒன்று வரும். அங்கே பேசுபவர் யார் என்று தெரியாமல் பேச்சை எடைபோட முடியாது. அந்த வகைப் புதிர்களில் பழகியவர்கள் இங்கும் குற்றவாளியின் சொல்லைச் சந்தேகிக்கிறார்கள். இந்தப் புதிரில் கொள்ளைக்காரனும் உண்மையைத்தான் சொல்வான். சொன்னவரின் நிலையிலிருந்து துப்பின் நம்பகத்தன்மை பற்றி எந்த முடிவுக்கும் வர வேண்டியதில்லை.

‘அக்கம்பக்கத்தார்’ என்று யாரைக் கணக்கில் கொள்வது?

மேல், கீழ், இடம், வலம் ஆகிய நான்கு பக்கங்களோடு மூலைவாட்டில் தொட்டுக்கொண்டிருப்பவர்களும் அக்கம்பக்கத்தாரே. எனவே நான்கு மூலைகளில் இருப்பவர்களுக்குத் தலா மூன்று பேர், மூலை தவிர்த்த ஓரங்களில் இருக்கும் பத்துப் பேருக்குத் தலா ஐந்து பேர், உள்ளே இருக்கும் ஆறு பேருக்குத் தலா எட்டுப் பேர் அக்கம்பக்கத்தார் ஆவர். ஒருவர் தமக்குத் தாமே அக்கம்பக்கத்தார் ஆகமாட்டார். பலகையின் இடது ஓரமும் வலது ஓரமும் ஒட்டிக்கொள்வதும் இல்லை.

துப்புகளின் சொற்களில் கவனிக்க வேண்டியவை எவை?

‘ஒருவருக்கு மேலே’ என்றால் அதே நெடுவரிசையில் அவருக்கு மேலே இருக்கும் அனைவரும் அடங்குவர்; ‘நேர் மேலே’ என்றால் மட்டுமே ஒட்டியிருக்கும் ஒருவர். இடப்பக்கம், வலப்பக்கம் என்பவற்றுக்கும் இதே கணக்குதான், அவை அதே கிடைவரிசைக்குள் அடங்கும். ‘இருவருக்கும் இடையில்’ என்னும்போது அந்த இருவரும் சேரமாட்டார்கள். ‘தொடர்ச்சியாக இருக்கிறார்கள்’ என்றால் நடுவே இடைவெளி இல்லாமல் பக்கங்களால் ஒட்டியிருக்கிறார்கள் என்று பொருள். மூலைவாட்டில் தொடுவது தொடர்ச்சிக்குப் போதாது.

‘ஏ3 என்பவர் மூன்றாம் வரிசையின் இரண்டு நிரபராதிகளில் ஒருவர்’ என்னும் வகைத் துப்புகளைப் படிக்கும்போது நிதானம் தேவை. இதில் இரண்டு செய்திகள் உள்ளன: ஏ3 நிரபராதி என்பது ஒன்று, அந்த வரிசையில் நிரபராதிகள் சரியாக இருவர், ஆகவே குற்றவாளிகளும் சரியாக இருவர் என்பது மற்றொன்று. முதல் செய்தியை எடுத்துக்கொண்டு ஏ3-ஐக் குறித்துவிட்டு, இரண்டாவதை மறந்துபோய்ப் பத்து நிமிடம் கழித்துத் தேடிக்கொண்டிருப்பவர்கள் பலர். ‘இந்த நெடுவரிசையில் ஒரே ஒருவருக்கு மட்டும் சரியாக மூன்று குற்றவாளிகள் அக்கம்பக்கத்தில் உள்ளனர்’ என்பதும் இப்படித்தான்: மற்ற நால்வருக்கு மூன்று அல்ல என்ற செய்தி அதற்குள் சொல்லாமல் கிடக்கிறது, பல நேரங்களில் பயன்படப்போவதும் அதுதான்.

அடையாளமாகக் கொடுக்கப்படும் தொழில்களுக்கு ஏதேனும் பொருள் உண்டா?

துப்பு ஒன்று தொழிலைக் குறிப்பிட்டுப் பேசினால் ஒழிய, இல்லை. நீதிபதி என்பதால் அவர் நிரபராதி ஆகிவிடமாட்டார்.

சந்தேகம் இருந்தால் ஊகித்துக் குறித்துப் பார்க்கலாமா?

கூடாது என்பதைவிட, முடியாது என்பதே சரி. இதுவரை திறந்த துப்புகளைக் கொண்டு ஒருவரின் நிலையை நிறுவ முடியாத கட்டத்தில் அவரைக் குறித்தால், உங்கள் ஊகம் உண்மையோடு ஒத்துப்போனாலும்கூட, போதிய ஆதாரம் இல்லை என்று ஆட்டம் மறுத்துவிடும். முடிவில் நண்பர்களுக்குப் பகிரும் பலகையில் அந்தக் கட்டம் பச்சையாக அல்லாமல் மஞ்சளாக நிற்கும்.

இந்தக் கட்டுப்பாட்டைத் தொல்லையாகப் பார்ப்பவர்கள் உண்டு. என் கருத்தில் இந்தப் புதிரில் ஆடுபவருக்குக் கிடைக்கும் மிகப் பெரிய உதவியே இதுதான். ஏனெனில் இதன் மறுபக்கம் ஒரு வாக்குறுதி: எந்த நிலையிலும், கண்முன் இருக்கும் துப்புகளைக் கொண்டு மட்டுமே நிறுவக்கூடியவர் குறைந்தது ஒருவராவது பலகையில் இருக்கிறார். அடுத்து வரப்போகும் துப்பு கைகொடுக்கும் என்று காத்திருக்கும் நிலையே இங்கு ஏற்படாது. ஆகவே ‘இவர் யாராக இருக்கக்கூடும்’ என்று ஒருவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, ‘நிறுவக்கூடிய அந்த ஒருவர் எங்கே’ என்று பலகை முழுவதையும் தேடுவதே பயன் தரும்.

‘நிறுவ முடியும்’ என்பதற்குச் சரியான வரையறை என்ன?

இருபது பேரும் இரண்டில் ஒரு நிலையில் இருக்கலாம் என்பதால், துப்பு எதுவும் இல்லாதபோது 10,48,576 அமைப்புகள் சாத்தியம். தொடக்கத்தில் ஒருவர் வெளிப்பட்டதும் அது 5,24,288 ஆகக் குறைகிறது. திறந்திருக்கும் ஒவ்வொரு துப்பும் தனக்கு ஒவ்வாத அமைப்புகளைக் கழித்துவிடுகிறது. கழித்தபின் எஞ்சிய அமைப்புகள் அனைத்திலும் ஒருவர் குற்றவாளியாகவே வந்தால் அவர் குற்றவாளி என்று நிறுவப்பட்டார். எஞ்சியவற்றில் ஒரே ஒன்றிலாவது அவர் நிரபராதியாக இருந்தால், மற்ற ஆயிரத்தில் குற்றவாளியாக இருந்தாலும் நிறுவப்படவில்லை. நிகழ்தகவுக்கு இங்கே வேலை இல்லை.

எங்கிருந்து தொடங்குவது?

சின்னக் கூட்டத்தைப் பற்றிப் பேசும் துப்பிலிருந்து. மூலையில் இருப்பவரின் அக்கம்பக்கத்தார் மூவர்தான் என்பதால் அங்கே எண்ணிக்கை விரைவில் இறுகிவிடும். ‘ஏ1-இன் அக்கம்பக்கத்தாரில் இருவர் குற்றவாளிகள்’ என்று ஒரு துப்பும், ‘முதல் வரிசையில் இருக்கும் ஒரே குற்றவாளி டி1’ என்று இன்னொரு துப்பும் இருப்பதாகக் கொள்வோம். ஏ1-ஐச் சுற்றி இருப்பவர்கள் பி1, ஏ2, பி2. பி1 முதல் வரிசையில் இருப்பதால் நிரபராதி. எஞ்சிய ஏ2, பி2 இருவரும் குற்றவாளிகள்.

கிடைவரிசையில் நால்வரே இருப்பதும் ஒரு வசதி. ‘முதல் வரிசையில் குற்றவாளிகளைவிட நிரபராதிகள் அதிகம்’ என்ற மங்கலான துப்பு, நால்வர் என்னும் எண்ணோடு சேரும்போது ‘குற்றவாளி அதிகபட்சம் ஒருவர்’ என்று கூர்மையாகிவிடுகிறது, ஏனெனில் இருவர் இருவராகப் பிரிந்தால் எதுவும் அதிகம் ஆகாது. அந்த வரிசையில் ஒரு குற்றவாளி தெரிந்த அக்கணமே மற்ற மூவரையும் குறித்துவிடலாம்.

தனித்தனியாகப் பார்த்தால் எந்தத் துப்பும் எதையும் சொல்லவில்லை. அப்போது என்ன செய்வது?

இரண்டு துப்புகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். நடுத்தரப் புதிர்களைத் தீர்க்கும் திறமை பெரும்பாலும் இந்த ஒரு செயலில்தான் அடங்கியிருக்கிறது என்பதால் இதைச் சற்று விரிவாகக் காண்போம்.

முதல் துப்பு: ‘ஏ2-க்கும் ஏ3-க்கும் பொதுவான அக்கம்பக்கத்தாரில் சரியாக ஒருவர் குற்றவாளி.’ இரண்டாம் துப்பு: ‘ஏ3-இன் அக்கம்பக்கத்தாரில் நால்வர் குற்றவாளிகள்.’ ஏ, பி நெடுவரிசைகளில் ஏ3 மட்டும் நிரபராதி என்று தெரியும், அங்கே வேறு எவரும் வெளிப்படவில்லை.

ஏ3 இடது ஓரத்தில் இருப்பதால் அவருடைய அக்கம்பக்கத்தார் ஐவர்: ஏ2, பி2, பி3, பி4, ஏ4. ஏ2-இன் அக்கம்பக்கத்தார் ஏ1, பி1, பி2, பி3, ஏ3. இரண்டு பட்டியலிலும் வருபவர்கள் பி2, பி3 இருவர் மட்டுமே. முதல் துப்பின்படி இந்த இருவரில் ஒருவர் குற்றவாளி, ஒருவர் நிரபராதி. யார் எவர் என்று இப்போது சொல்ல முடியாது, சொல்லத் தேவையும் இல்லை. ஐவரில் நால்வர் குற்றவாளிகள் என்றால் நிரபராதிக்கு ஓர் இடம்தான் உண்டு. அந்த ஓர் இடம் பி2, பி3 இருவருக்குள் போய்விட்டது. எனவே வெளியே நிற்கும் ஏ2, ஏ4, பி4 மூவரும் குற்றவாளிகள். துப்பு நேரடியாகச் சுட்டிய இருவரைத் தீர்க்காமலேயே, அது சுட்டாத மூவரைத் தீர்த்துவிட்டோம். பழகாதவர்களுக்கு இதை ஏற்க மனம் வராது. பி2-ஐயும் பி3-ஐயும் தீர்த்தால்தான் மேலே போக முடியும் என்று அங்கேயே நின்றுவிடுவார்கள்.

இப்போது பி4 திறந்து, ‘ஏ நெடுவரிசையின் நிரபராதிகள் அனைவரும் தொடர்ச்சியாக இருக்கிறார்கள்’ என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். ஏ2-உம் ஏ4-உம் குற்றவாளிகள் என்பதால் ஏ1, ஏ3, ஏ5 மூவரும் ஒருவரையொருவர் தொட முடியாமல் பிரிந்து நிற்கிறார்கள். ஏ3 நிரபராதி என்பது முன்பே தெரியும். வேறொருவரும் நிரபராதியாக இருந்தால் தொடர்ச்சி அறுந்துபோகும். ஆகவே ஏ1-உம் ஏ5-உம் குற்றவாளிகள்.

இரண்டு பேரின் எண்ணிக்கையை ஒப்பிடும் துப்பை எப்படிக் கையாள்வது?

எண்ணத் தொடங்குவதற்கு முன் இருபக்கமும் பொதுவாக இருப்பவர்களை அடித்துவிட வேண்டும். ‘பி2-க்கும் பி3-க்கும் அக்கம்பக்கத்தில் சம எண்ணிக்கையில் குற்றவாளிகள் உள்ளனர்’ என்ற துப்பைப் பார்த்ததும் எட்டும் எட்டும் பதினாறு பேரா என்று மலைப்பு ஏற்படலாம். ஆனால் ஏ2, சி2, ஏ3, சி3 நால்வரும் இரண்டு பக்கத்திலும் வருகிறார்கள். அவர்கள் யாராக இருந்தாலும் சமநிலை மாறாது. அடித்தபின் ஒருபக்கம் ஏ1, பி1, சி1 மூவரும் பி3-உம், மறுபக்கம் ஏ4, பி4, சி4 மூவரும் பி2-உம் எஞ்சுகிறார்கள்.

பி2 தம் கணக்கில் பி3-ஐயும், பி3 தம் கணக்கில் பி2-ஐயும் எண்ணுகிறார் என்பதைப் பலர் தவறவிடுகிறார்கள். இருவரும் ஒரே நிலையினர் என்று தெரிந்துவிட்டால் அவர்களையும் அடித்துவிடலாம். அப்போது பதினாறு பேரைப் பற்றியதுபோல் தோன்றிய துப்பு, மேலே மூவரில் எத்தனை குற்றவாளிகளோ கீழே மூவரிலும் அத்தனை என்ற அளவுக்குச் சுருங்கிவிடுகிறது.

ஒற்றைப்படை, இரட்டைப்படை பற்றிய துப்புகளால் என்ன பயன்?

கடைசி ஒருவர் மட்டும் தெரியாமல் இருக்கும்போதுதான் அவை பயன்படும் என்று நினைத்து ஒதுக்கிவிட வேண்டாம். இருவர் தெரியாமல் இருக்கும்போதே அவை அந்த இருவரையும் பிணைத்துவிடுகின்றன. டி நெடுவரிசையில் குற்றவாளிகள் ஒற்றைப்படை எண்ணிக்கையில் இருக்கிறார்கள், டி1 குற்றவாளி, டி2-உம் டி3-உம் நிரபராதிகள் என்றால், டி4-உம் டி5-உம் சேர்ந்து இரட்டைப்படையாக வர வேண்டும்: இருவரும் குற்றவாளிகள் அல்லது இருவரும் நிரபராதிகள். அந்த இருவரும்தான் பலகையில் இருக்கும் போலீஸ்காரர்கள், ‘போலீஸ்காரர்களில் ஒருவரேனும் குற்றவாளி’ என்று இன்னொரு துப்பு சொல்கிறது என்றால், இருவருமே குற்றவாளிகள். பூஜ்யம் இரட்டைப்படை என்பதையும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

‘இப்படி வைத்துக்கொண்டால் என்ன ஆகும்’ என்று சோதித்துப் பார்ப்பதும் ஊகம்தானே?

இல்லை. ஒன்றை உண்மை என்று வைத்துக்கொண்டு, அது முரண்பாட்டில் கொண்டுபோய் விடுகிறது என்று காட்டினால், அதன் எதிர்மறை நிறுவப்பட்டுவிடுகிறது. முரண்பாடு கிடைக்குமுன் குறித்துவிடுவதுதான் ஊகம்.

நான்காம் வரிசையில் ஏ4, பி4 குற்றவாளிகள், சி4 நிரபராதி, டி4 தெரியவில்லை. ஐந்தாம் வரிசையில் ஏ5 குற்றவாளி, பி5 நிரபராதி, சி5-உம் டி5-உம் தெரியவில்லை. ‘ஐந்தாம் வரிசையைவிட நான்காம் வரிசையில் குற்றவாளிகள் அதிகம்’ என்பது ஒரு துப்பு. ‘டி5-இன் அக்கம்பக்கத்தாரில் சரியாக ஒருவர் குற்றவாளி’ என்பது மற்றொன்று. டி5-ஐச் சுற்றி இருப்பவர்கள் சி4, டி4, சி5. சி4 நிரபராதி என்பதால் டி4, சி5 இருவரில் ஒருவர்தான் குற்றவாளி.

டி4 நிரபராதி என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் சி5 குற்றவாளி. நான்காம் வரிசையில் குற்றவாளிகள் இருவர். ஐந்தாம் வரிசையிலோ ஏ5, சி5 என்று ஏற்கெனவே இருவர். டி5 யாராக இருந்தாலும் நான்காம் வரிசை ஐந்தாம் வரிசையை மிஞ்ச முடியாது. முதல் துப்பு பொய்யாகிறது. பொய்த் துப்பு இந்தப் புதிரில் கிடையாது. ஆகவே டி4 குற்றவாளி, சி5 நிரபராதி.

டி5 என்ன ஆனார் என்று பாருங்கள். நான்காம் வரிசையில் இப்போது மூவர், ஐந்தாம் வரிசையில் டி5 குற்றவாளியானால் இருவர், நிரபராதியானால் ஒருவர். இரண்டுமே மூன்றைவிடக் குறைவு. எனவே அவரைக் குறிக்கக் கூடாது. டி4-உம் சி5-உம் கிடைத்த உற்சாகத்தில் டி5-ஐயும் சேர்த்துத் தட்டுவது மஞ்சள் கட்டம் வாங்குவதற்கான நிச்சயமான வழி.

நீண்ட நேரமாக ஒருவரையும் நிறுவ முடியவில்லை. எதைச் சரிபார்ப்பது?

முதலில், ஏற்கெனவே பயன்படுத்திவிட்டோம் என்று ஒதுக்கிய துப்புகளைத் திரும்பப் படியுங்கள். ஒரு துப்பு ஒருமுறை பலன் தந்ததும் தீர்ந்துபோனதாக மனம் எண்ணிக்கொள்கிறது. ஆனால் அது பேசும் அனைவரும் வெளிப்படும்வரை அதற்கு உயிர் உண்டு. ‘எட்டுப் பேரில் ஐவர் குற்றவாளிகள்’ என்ற துப்பை, இரண்டு குற்றவாளிகளும் ஒரு நிரபராதியுமாக மூவர் தெரிந்தபின் ‘எஞ்சிய ஐவரில் மூவர்’ என்று புதிதாக எழுதிப் பார்த்தால், அது வேறொரு துப்போடு பொருந்துவது கண்ணில் படும்.

அடுத்து, எங்கே தேட வேண்டாம் என்பதை முடிவுசெய்யுங்கள். எந்தத் துப்பும் தொடாத ஒருவரை இப்போது நிறுவ முடியாது. எல்லாத் துப்புகளும் இருவரை ஒரே மாதிரியாக நடத்தினால், அதாவது ஒருவர் வரும் ஒவ்வொரு கூட்டத்திலும் மற்றவரும் வந்தால், அந்த இருவரில் ஒருவரை மட்டும் பிரித்துச் சொல்ல முடியாது. இருவரும் ஒரே நிலையினர் என்று வந்தால்தான் உண்டு. இந்த இரண்டு வடிகட்டல்களுக்குப் பிறகு எஞ்சும் பெயர்கள் பெரும்பாலும் கைவிரல்களில் அடங்கிவிடும். அவர்களில் மிக அதிகமான துப்புகள் சந்திக்கும் கட்டத்தில் நிற்பவரை எடுத்து, மேலே சொன்ன முரண்பாட்டுச் சோதனையை அவரிடம் நடத்துங்கள்.

அப்போதும் நகரவில்லை என்றால், மூலைவாட்டில் இருப்பவர்களை விட்டுவிட்டீர்களா, ‘மேலே’ என்பதை ‘நேர் மேலே’ என்று படித்துவிட்டீர்களா என்று பாருங்கள். திறக்கும் எல்லோரும் துப்புச் சொல்வதில்லை, சிலர் வெறும் பேச்சோடு போய்விடுவார்கள். அதை நினைத்துக் குழம்ப வேண்டாம்.

துப்பு வீணாகிவிடக் கூடாது என்பதால் இவர் குற்றவாளியாகத்தான் இருக்க வேண்டும் என்று வாதிடலாமா?

இது கெட்டிக்காரர்கள் விழும் குழி. ‘இவர் நிரபராதியாக இருந்தால் அந்தத் துப்புக்குத் தேவையே இல்லையே’ என்பது புதிரை உருவாக்கியவரின் மனத்தைப் பற்றிய வாதமே தவிர, பலகையைப் பற்றிய வாதம் அல்ல. அது எங்கே தேடலாம் என்று வழிகாட்டலாம்; ஆதாரமாக நிற்காது.

இது மைன்ஸ்வீப்பர் விளையாட்டைப் போன்றதுதானா?

எண்ணிக்கையிலிருந்து அக்கம்பக்கத்தைக் கண்டறியும் முறை இரண்டுக்கும் பொது. அந்தக் கணினி விளையாட்டில் மறைந்திருக்கும் கண்ணிவெடிகளைத் தவிர்த்துப் பழகியவர்களுக்கு இங்கே கை விரைவில் படிந்துவிடும். ஆனால் மைன்ஸ்வீப்பரில் இரண்டு கட்டங்களில் எதில் வெடி என்று எவராலும் சொல்ல முடியாத நிலை வரும், அப்போது துணிந்து அழுத்துவதைத் தவிர வழியில்லை. அந்த நிலை இங்கே தடுக்கப்பட்டிருக்கிறது. அந்த விளையாட்டில் கொடுக்கப்பட்ட பலகை முரணற்றதா என்று தீர்மானிக்கும் கணக்கு, பலகையின் அளவு வளர வளரக் கணினிக்கே கடினமான வகையைச் சேர்ந்தது என்று கணிதவியலாளர் ரிச்சர்ட் கே 2000-ஆம் ஆண்டு நிறுவினார். இருபது பேர் கொண்ட நம் பலகை அந்த அளவுக்குப் போகவில்லை.

தாளில் எழுதிப் பார்ப்பது நல்லதா?

கடினமான புதிர்களுக்கு நல்லது. நான்குக்கு ஐந்து என்று கட்டம் போட்டு, பிணைக்கப்பட்ட இருவரை ஒரு கோட்டால் இணைத்து, கோட்டின் மேல் ‘இருவரில் ஒருவர்’ அல்லது ‘இருவரும் ஒன்றே’ என்று எழுதினால் போதும். எளிய புதிர்களில் அது நேரத்தை வீணாக்கும்.

இப்படி ஒரு புதிரை நானே உருவாக்க முடியுமா?

முடியும், விடையிலிருந்து தொடங்க வேண்டும். இருபது பேரின் நிலையை முதலில் முடிவுசெய்துகொண்டு, அந்த விடைக்குப் பொருந்தும் உண்மையான கூற்றுகளை ஒவ்வொருவருக்கும் எழுதுங்கள். பிறகு தொடக்கத்தில் திறந்திருக்கும் ஒருவரின் துப்பை மட்டும் வைத்து எவரை நிறுவ முடிகிறது என்று பாருங்கள். அவரைத் திறந்து, அவருடைய துப்பையும் சேர்த்து மீண்டும் பாருங்கள். ஓரிடத்தில் எவரையும் நிறுவ முடியாமல் நின்றுவிட்டால், கடைசியாகத் திறந்தவரின் துப்பை இறுக்கமாக மாற்றி எழுத வேண்டும். நிரல் எழுதத் தெரிந்தவர்கள் 5,24,288 அமைப்புகளையும் கணினியையே சரிபார்க்கச் சொல்லலாம், நொடிப்பொழுது வேலைதான். கையால் செய்பவர்கள் மூன்றுக்கு மூன்று பலகையில் ஒன்பது பேரோடு தொடங்கினால், தொடக்கத்தில் ஒருவர் திறந்தபின் 256 அமைப்புகளே மிஞ்சும், முதல் இரண்டு மூன்று துப்புகளிலேயே அவை தாளில் எழுதிவிடக்கூடிய அளவுக்குக் குறைந்துவிடும்.